மென்டர்கிட்ட கத்துக்கறோம், ஆனா எல்லாம் சிதறிக் கிடக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, ஒருத்தர்கிட்ட தனியா உக்காந்து தொழிலோ படிப்போ கத்துக்கறவங்க உங்க சிரமத்தை எழுதுங்கன்னு கேட்டிருந்தோம். பாடம் புரியலன்னு யாரும் எழுதல, "சொல்லிக் குடுத்தது எங்க போச்சுன்னே தெரியல"ன்னுதான் நிறைய பேர் எழுதியிருக்கீங்க. அதனால இந்த இதழ் முழுக்க அது ஒண்ணுதான். பேர் போட வேணாம்னு சிலர் கேட்டிருந்தீங்க, சரின்னு யார் பேரையுமே போடல.

கேள்வி: ஏழு வருஷம் அக்கவுன்ட்ஸ்ல இருந்துட்டு இப்ப டேட்டா அனாலிசிஸ் கத்துக்கறேன். அந்த ஃபீல்டுல சீனியரா இருக்கற ஒருத்தர் வாரத்துல ஒரு மணி நேரம் எனக்காகவே ஒதுக்கி சொல்லித் தர்றார், பைசா வாங்கறதில்ல. பிரச்சினை என்கிட்டதான். நோட்ஸ் பாதி நோட்டுல, பாதி போன்ல, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கேலரியில, அவர் அனுப்பின லிங்க் வாட்ஸ்அப்ல எங்கயோ மேல. போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டேன், "இதை மூணு வாரம் முன்னாடியே பார்த்தோமே"ன்னார். கோபமா சொல்லல, ஆனா அன்னைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்ல. எந்த ஆப் யூஸ் பண்ணா இது சரியாகும்?

பதில்: முதல்ல அந்த மனசு சரியில்லாம போனதை பத்தி சொல்லிடறேன். ஒருத்தர் தன்னோட நேரத்தை நமக்குக் குடுக்கறார், அது வீணாகக் கூடாதுன்னு நினைக்கறவங்களுக்குத்தான் அப்படி வலிக்கும். அது நல்ல விஷயம். ஆனா அதை வெட்கமா மாத்திக்காதீங்க, வெட்கப்பட்டா அடுத்த தடவை கேள்வி கேக்கறதையே நிறுத்திடுவீங்க, அது இதை விட பெரிய நஷ்டம்.

ஆப் பேர் எதுவும் சொல்லப் போறதில்ல. உங்க லெட்டரை திருப்பிப் படிச்சுப் பாருங்க, நாலு இடத்துல சேர்த்து வச்சிருக்கீங்க, சேர்க்கறதுல குறையே இல்ல, அஞ்சாவதா ஒரு ஆப் வந்தா அஞ்சு இடமாகும் அவ்வளவுதான். குறை என்னன்னா போன சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் நடுவுல ஒரு இழை ஓடணும், அந்த இழையை யாரும் பிடிக்கல. அவர் பிடிச்சிருப்பார்னு நீங்க நினைக்கறீங்க. அவருக்கு சொந்த வேலை இருக்கு, உங்களை மாதிரி இன்னும் ரெண்டு பேருக்கு சொல்லித் தர்றாரோ என்னமோ, போன வாரம் எந்த இடத்துல விட்டோம்னு ஞாபகம் வச்சுக்கறது அவர் வேலையே இல்ல. அது முழுக்க முழுக்க கத்துக்கறவங்க வேலை. இதை மட்டும் ஏத்துக்கிட்டீங்கன்னா மீதியெல்லாம் தானா வழிக்கு வரும்.

நடைமுறைக்கு வர்றேன். ஒரு சந்திப்புக்கு ஒரு பக்கம், நோட்டோ டாக்குமென்ட்டோ உங்க இஷ்டம், ஆனா ஒரே இடம். சந்திப்பு முடிஞ்ச உடனே பத்து நிமிஷம், அடுத்த வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, எழுந்திரிக்காம அந்தப் பக்கத்தை முடிங்க. அன்னைக்கு ராத்திரி எழுதிக்கலாம்னு விட்டா பாதி போயிடும், மறுநாள்னா தலைப்பு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ஹெர்மன் எபிங்ஹாஸ்ங்கற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் அர்த்தமே இல்லாத அசைகளை தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்துல எவ்வளவு மறக்குதுன்னு அளந்து 1885ல வெளியிட்டார், மறதி முதல் சில மணி நேரத்துலயே படுவேகமா நடக்குது, அப்புறம் மெதுவாயிடுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் அந்தப் பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு மதிப்பு.

அந்தப் பக்கத்துல என்ன இருக்கணும்னா, அன்னைக்கு தெளிவான விஷயம் உங்க வார்த்தையில, அடுத்த தடவைக்குள்ள நீங்க செய்யறேன்னு சொன்னது, அவர் அனுப்பறேன்னு சொன்னது. இந்த மூணாவதை எல்லாரும் விட்டுடறாங்க. "ஒரு சாம்பிள் ஃபைல் அனுப்பறேன்"னு சொல்லியிருப்பார், மறந்துடுவார், நீங்களும் கேக்க கூச்சப்பட்டுட்டு இருப்பீங்க, ஒரு மாசம் ஓடிடும். எழுதி வச்சிருந்தா நாலு நாள் கழிச்சு "சார், அந்த சாம்பிள் ஃபைல் முடிஞ்சப்ப அனுப்புங்க"ன்னு சாதாரணமா கேட்டுடலாம்.

இன்னொண்ணு, சந்தேகப் பட்டியல். வாரம் நடுவுல வர்ற சந்தேகத்தை அப்பப்ப எழுதுங்க, ஆனா முழு வாக்கியமா எழுதுங்க. "ஜாயின் புரியல"ன்னு (ஜாயின்னா ரெண்டு டேபிளை ஒண்ணா இணைக்கறது, லெஃப்ட் ஜாயின்னா இடது பக்க டேபிள்ல இருக்கற எல்லா வரியையும் விடாம வச்சு இணைக்கறது) எழுதி வச்சா ஆறு நாள் கழிச்சு உங்களுக்கே அது என்னன்னு தெரியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்க: "கஸ்டமர் டேபிள்ல 500 வரி இருக்கு, ஆர்டர் டேபிளோட லெஃப்ட் ஜாயின் போட்டா 740 வரி வருது, லெஃப்ட் ஜாயின்னா இடது பக்கம் இருக்கற அளவுதானே வரணும்?" இதை எழுதி முடிக்கறப்பவே, ஒரே கஸ்டமருக்கு நாலு ஆர்டர் இருந்தா அந்த கஸ்டமர் நாலு வரியா வருவாரேன்னு உங்களுக்கே பொறி தட்ட வாய்ப்பு இருக்கு. தட்டலன்னாலும் பரவாயில்ல, அவர் படிச்ச உடனே எந்த இடத்துல நிக்கறீங்கன்னு புரிஞ்சுக்குவார், பத்து நிமிஷ விளக்கம் ரெண்டு நிமிஷத்துல முடியும்.

வாட்ஸ்அப்ல வர்ற லிங்க், வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வந்த அன்னைக்கே அந்தப் பக்கத்துக்கு மாத்திடுங்க, "எதுக்கு அனுப்பினார்"னு ஒரு வரி சேர்த்து. அந்த ஒரு வரி இல்லாத லிங்க் கிடந்தும் பிரயோஜனம் இல்ல. பழைய கேலரியை உக்காந்து சரி பண்ண வேணாம், விட்டுடுங்க. இன்னைலேர்ந்து ஆரம்பிங்க போதும்.

கேள்வி: மேடம் பேசும்போது எழுதினா கேக்க முடியல, கேட்டா எழுத முடியல. ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?

பதில்: அவங்ககிட்ட கேட்டுட்டு பண்ணுங்க, கேக்காம கண்டிப்பா வேணாம். சம்மதிச்சாலும் ஒண்ணு யோசிங்க, ஒரு மணி நேர ரெக்கார்டிங்கை திருப்பிக் கேக்க இன்னொரு மணி நேரம் வேணும், அந்த நேரம் யாருக்கு இருக்கு? ரெக்கார்ட் ஆகுதுங்கற தைரியத்துல பேசும்போதும் அரைக் காதுதான் குடுப்போம். ஏதாவது சிக்கலான செய்முறை, சாஃப்ட்வேர்ல கைப்பழக்கமா செஞ்சு காட்டறது, அந்த அஞ்சு நிமிஷத்தை மட்டும் பதிவு பண்ணிக்கறது நல்லது.

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே எப்படி பண்ணினார்னு சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. அவர் அப்ப புத்தகம் பைண்டிங் பண்ற இடத்துல தொழில் கத்துக்கிட்டு இருந்த இருபது வயசுப் பையன். 1812ல லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன்ல அந்தக் காலத்துப் பெரிய வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியோட நாலு சொற்பொழிவுக்கு டிக்கெட் கிடைச்சுது. அங்க உக்காந்து எல்லாத்தையும் எழுதல, முக்கியமான சொல், சோதனையோட பேரு, என்ன பொருள் பயன்படுத்தினாங்க, இவ்வளவுதான் குறிப்பு. நேரா வீட்டுக்குப் போய் அந்தக் குறிப்பை வச்சு கொஞ்சம் விரிவா, கோர்வையா ரெண்டாவது தடவை எழுதுவார். அப்புறம் அதை வச்சு முழு சொற்பொழிவையும் தன் மொழியில, படத்தோட. கடைசியில அது ஏறத்தாழ 300 பக்கம் ஆச்சு, தானே பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பினார். 1813 மார்ச்ல டேவிக்கு உதவியாளரா அங்கயே வேலையில சேர்ந்துட்டார்.

நமக்கு 300 பக்கம் வேணாம். மேடம் பேசறப்ப சொல் மட்டும் குறிச்சுக்கோங்க, கண்ணும் காதும் அவங்க பக்கம் இருக்கட்டும், வாக்கியம் எல்லாம் அப்புறம். இன்னொண்ணும் செய்யலாம், முக்கியமான இடம் முடிஞ்சதும் "மேடம் ஒரு நிமிஷம், இதை எழுதிக்கறேன்"னு கேளுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. நான் சொல்லித் தர்ற இடத்துல இருந்தப்ப அப்படிக் கேக்கறவங்க மேல எனக்கு மரியாதைதான் கூடிச்சு.

கேள்வி: கையில எழுதறதா, லேப்டாப்லயா?

பதில்: எது தவறாம செய்வீங்களோ அது. கையில எழுதறவங்களுக்கு கருத்து நல்லா பதியுதுன்னு 2014ல வந்த ஒரு ஆய்வு ரொம்பப் பிரபலம், அப்புறம் அதையே மறுபடி செஞ்சு பார்த்தவங்களுக்கு அவ்வளவு தெளிவா வித்தியாசம் வரல. ஆனா லேப்டாப்ல டைப் பண்றவங்க பேசறதை வார்த்தைக்கு வார்த்தை இறக்கிடறாங்கங்கறது அதுல கவனிக்க வேண்டியது. அதை மட்டும் தவிர்த்துக்கோங்க.

கேள்வி: பிஎச்டி ரெண்டாவது வருஷம். என் கைடு ரொம்பப் பெரிய ஆள், பிஸி, மாசத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் கிடைச்சா அதிர்ஷ்டம். ஜூன்ல ஒரு திசையில போகச் சொன்னார், ஆகஸ்ட்ல "இதை ஏன் பண்ணிட்டு இருக்க"ன்னு கேட்டார். நீங்கதான சார் சொன்னீங்கன்னு சொல்ல வாய் வரல. ரெண்டு மாச உழைப்பு போச்சு. ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது.

பதில்: ரெண்டு மாசம்ங்கறது சின்ன விஷயம் இல்ல, உங்க கோபம் நியாயம்.

அவர் ஏன் அப்படிக் கேட்டிருப்பார்னா, பெரும்பாலும் ஜூன்ல எந்த நிலைமையில அதைச் சொன்னோம்ங்கறதே அவர் மனசுல இருக்காது. அன்னைக்கு உங்ககிட்ட இருந்த ரிசல்ட் வேற, அவர் அப்ப படிச்சிட்டு இருந்த பேப்பர் வேற. முடிவு மட்டும் உங்க கையில இருக்கு, அதுக்கான காரணம் ரெண்டு பேர்கிட்டயும் இல்ல. காரணம் இல்லாத முடிவை யாராலும் காப்பாத்த முடியாது, உங்களாலயும் முடியல பாருங்க, வாய் வரலன்னு எழுதியிருக்கீங்க.

அதனால இனிமே ஒவ்வொரு சந்திப்பு முடிஞ்சதும் அன்னைக்கே ஒரு மெயில் போடுங்க. அஞ்சாறு வரிக்கு மேல வேணாம், பெரிய மெயிலை அவர் திறக்கவே மாட்டார். மாதிரிக்கு ஒண்ணு:

"சார், இன்னைக்கு பேசினதை குறிச்சுக்கிட்டேன். ரெண்டாவது செட் டேட்டாவை இப்போதைக்கு விட்டுட்டு முதல் செட்டை மட்டும் எடுத்துக்கறோம், ரெண்டாவதுல விடுபட்ட மதிப்பு அதிகமா இருக்கறதால. 20ஆம் தேதிக்குள்ள முதல் செட்டோட கிராஃப் அனுப்பறேன். ரெண்டாவது அத்தியாயத்து வரைவை பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருந்தீங்க. நான் ஏதாவது தப்பா புரிஞ்சுக்கிட்டிருந்தா சொல்லுங்க சார்."

இதுல "இருக்கறதால"ங்கற சொல்லைப் பாருங்க, உயிரே அங்கதான் இருக்கு. ஆகஸ்ட்ல அவர் மனசு மாறினா, "சார், ஜூன்ல இந்தக் காரணத்துக்காக இப்படி முடிவு பண்ணோம், இப்ப அந்தக் காரணம் மாறிடுச்சா?"ன்னு கேக்கலாம். அது குத்திக் காட்டறது ஆகாது, உண்மையிலயே கேக்க வேண்டிய ஆராய்ச்சிக் கேள்வி. அவர் மாத்தினதும் சரியா இருக்கலாம், அப்படின்னா ஏன்னு நீங்க கத்துக்குவீங்க. அவர் பதில் போடலன்னாலும் மெயில் போடுங்க, தேதியோட அது நிக்கும். ஆனா யாரையும் மாட்ட வைக்கற ஆதாரமா அதை நினைக்காதீங்க, அந்த எண்ணம் வந்தா எழுத்துல தெரிஞ்சுடும்.

மாசத்துக்கு ஒரு தடவைதான்னு சொன்னீங்க, அதனால இதையும் சேர்த்துக்கோங்க. சந்திப்புக்கு முந்தின நாள் மூணு வரி அனுப்புங்க: போன தடவை என்ன முடிவு, இப்ப எங்க இருக்கேன், நாளைக்கு நீங்க முடிவு பண்ணித் தர வேண்டியது என்ன. மூணாவதுதான் முக்கியம். பிஸியா இருக்கறவங்களுக்கு "டிஸ்கஸ் பண்ணனும் சார்"னு போனா பேச்சு எங்கெங்கயோ போகும், "ஏ-வா, பி-யா"ன்னு போனா அரை மணியில பதில் வரும்.

போன ரெண்டு மாச வேலையை டெலீட் பண்ணிடாதீங்க. என்ன செஞ்சோம், ஏன் நிறுத்தினோம்னு ஒரு பக்கம் எழுதி ஃபோல்டர்ல போட்டு வைங்க. தீசிஸ் எழுதும்போதோ வாய்மொழித் தேர்வுலயோ "அந்த வழியில ஏன் போகல"ன்னு யாராவது கேப்பாங்க, அன்னைக்கு அது கை குடுக்கும். தூக்கத்தையும் பார்த்துக்கோங்க. ரொம்ப நாளா வரலன்னா டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: சொன்ன வேலையை முடிக்கலன்னா மென்டரைப் பார்க்கவே பயமா இருக்கு. ஏதாவது காரணம் சொல்லி சந்திப்பை தள்ளி வச்சுடறேன். போன ரெண்டு மாசத்துல நாலு தடவை இப்படி ஆயிடுச்சு. இப்ப மெசேஜ் அனுப்பவே கை வரல.

பதில்: தம்பி, இதை எழுதினதுக்கே உங்களைப் பாராட்டணும்.

முடிக்காம போற சந்திப்புதான் நீங்க தள்ளி வைக்கவே கூடாத சந்திப்பு. முடிச்சுட்டுப் போனா அவர் பார்த்து சரின்னு சொல்வார், கிட்டத்தட்ட நீங்க இல்லாமயே அது நடந்திருக்கும். எங்க மாட்டிக்கிட்டீங்கங்கறதை பார்க்கறதுக்குத்தான் ஒரு ஆள் வேணும். இன்னைக்கே ஒரு மெசேஜ் போடுங்க, பொய்க் காரணம் எதுவும் இல்லாம: "அண்ணா, குடுத்த வேலையில பாதி கூட முடிக்கல, அதனாலதான் தள்ளிட்டே வந்தேன், சாரி. மூணாவது பகுதியில நிக்குது. முடிக்காமயே வரலாமா?" இவ்வளவுதான். நான் பார்த்த வரைக்கும், சொல்லித் தர்றவங்களுக்கு வேலை முடியாததுல வருத்தம் கம்மி, ஆள் காணாம போறதுலதான் வருத்தம்.

அடுத்தது, எவ்வளவு வேலை ஏத்துக்கறீங்கன்னு பாருங்க. அவர் முன்னாடி உக்காந்திருக்கும்போது உற்சாகத்துல "அஞ்சும் முடிச்சுடறேன்"னு சொல்லிடறோம். சொல்றதுக்கு முன்னாடி காலண்டரைத் திறங்க. எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்க உக்காந்துன்னு குறிக்க முடியாத வேலையை ஏத்துக்காதீங்க. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல் ஆய்வாளர், 1997ல அவரும் இன்னொருத்தரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுல, விடுமுறையில ஒரு அறிக்கை எழுதி அனுப்பச் சொல்லி மாணவர்கள்கிட்ட கேட்டாங்க. எப்ப, எங்க உக்காந்து எழுதுவோம்னு முன்கூட்டியே குறிச்சவங்கள்ல பத்துக்கு ஏழு பேர் முடிச்சாங்க, குறிக்காதவங்கள்ல மூணுல ஒருத்தர்தான். ஆசை ரெண்டு பக்கமும் இருந்துச்சு, நேரமும் இடமும் ஒரு பக்கம்தான் இருந்துச்சு.

கேள்வி: நான் ஒரு மென்டர். என்கிட்ட கத்துக்கற பொண்ணு ஆர்கனைஸ் பண்றதுல கெட்டிக்காரி, கலர் கலரா லேபிள், டேபிள், லிங்க், பார்க்கவே அழகா இருக்கும். ஆனா அதை மூடி வச்சுட்டு ஒரு கேள்வி கேட்டா பதில் வரல. அந்தப் பொண்ணு மனசு நோகாம இதை எப்படி சொல்றது?

பதில்: இது எனக்கு ரொம்ப முக்கியமான கடிதம். அடுக்கி வைக்கறது கத்துக்கற மாதிரியே ஒரு திருப்தி தரும், அதுதான் இதுல இருக்கற ஆபத்து.

2006ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் குடுத்து படிக்க வச்சாங்க. கொஞ்சம் பேர் அதையே திரும்பப் படிச்சாங்க, கொஞ்சம் பேர் தாளை மூடிட்டு ஞாபகத்துலேர்ந்து எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு சோதிச்சா திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு சோதிச்சா தலைகீழ், மூடி வச்சு எழுதினவங்க நல்லாவே முன்னாடி போயிட்டாங்க. நம்ம சந்திப்பும் பெரும்பாலும் ஒரு வாரம் கழிச்சுத்தானே வருது.

நம்ம நன்னூல்ல பவணந்தியார் இதை எண்ணூறு வருஷம் முன்னாடி கணக்குப் போட்டே சொல்லிட்டார். ஆசான் சொன்னதை நல்லாக் கேட்டு வாங்கிக்கிட்டாலும் கால் பங்கு, "காற்கூறு அல்லது பற்றலன்", அதுக்கு மேல ஏறாது. கூடப் படிக்கறவங்களோட பழகிப் பேசினா இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தானே இன்னொருத்தருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். மாணவன் செய்ய வேண்டியதுன்னு அவர் அடுக்கற வரிசையில "கேட்டவை நினைத்தல்"னும் ஒண்ணு வச்சிருக்கார். கேட்டதை மனசுல மறுபடி ஓட்டிப் பார்க்கறது, அதைத்தான் உங்ககிட்ட கத்துக்கற பொண்ணு விட்டுட்டாங்க.

எப்படிச் சொல்றதுன்னா, சொல்லவே வேணாம், சந்திப்போட ஆரம்பத்தை மாத்துங்க. முதல் அஞ்சு நிமிஷம் எதையும் திறக்காம, "போன வாரம் பார்த்ததை எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு சொல்லுமா"ன்னு கேளுங்க. முதல் ரெண்டு தடவை தடுமாறுவாங்க. பொறுமையா இருங்க, நடுவுல எடுத்துக் குடுக்காதீங்க. மூணாவது வாரம் அவங்களே அதுக்குத் தயாராகி வருவாங்க, அப்ப பாருங்க, அந்த நோட்ஸ் தானா சின்னதாகும், கலர் குறையும். அடுக்கற கை இருக்கறது ஒரு வரம், அதையும் ஒரு வார்த்தை பாராட்டிடுங்க.

கேள்வி: எனக்கு ரெண்டு மென்டர். ஒருத்தர் சொல்றதுக்கு இன்னொருத்தர் நேர் எதிரா சொல்றார். யாரு பேச்சைக் கேக்கறது?

பதில்: ரெண்டு பேர் சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, எந்த சூழ்நிலைக்கு சொன்னாங்கன்னு கீழ எழுதுங்க. நிறைய தடவை எதிரெதிரா இருக்காது, வேற வேற சூழ்நிலையா இருக்கும். நிஜமாவே மோதிச்சுன்னா மறைக்காதீங்க, "இன்னொருத்தர் இப்படி சொல்றார், நீங்க ஏன் வேற மாதிரி பார்க்கறீங்க"ன்னு ரெண்டு பேர்கிட்டயும் பணிவா கேளுங்க. ஒருத்தர் பேச்சை வச்சு இன்னொருத்தரை மடக்கற தொனி மட்டும் வேணாம். கடைசி முடிவு உங்களோடது, அதையும் காரணத்தோட எழுதிடுங்க.

கேள்வி: சின்னக் குழந்தைங்க ரெண்டு பேர், வேலைக்கும் போறேன். கத்துக்க ஒரு அக்கா கிடைச்சிருக்காங்க. ஆனா எனக்கு சேர்ந்தாப்ல அரை மணி கிடைக்கறதே அபூர்வம். ஆர்கனைஸ்டா இருக்கறதெல்லாம் நேரம் இருக்கறவங்களுக்குத்தானோன்னு தோணுது.

பதில்: இல்லமா, நேரம் துண்டு துண்டா இருக்கறவங்களுக்குத்தான் இது அதிகமா தேவை. மூணு மணி நேரம் இருக்கறவங்க முதல் இருபது நிமிஷத்தை "எங்க விட்டோம்"னு தேடறதுல செலவு பண்ணலாம். உங்களுக்கு இருக்கறதே இருபது நிமிஷம்.

உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், மத்ததெல்லாம் மறந்தாலும் பரவாயில்ல. எழுந்திரிக்கும்போது அடுத்து கையை எங்க வைக்கணும்னு ஒரு வரி எழுதிட்டு எழுந்திரிங்க. "மூணாவது பயிற்சி, ரெண்டாவது படி, விடை 12 வரணும், 15 வருது, கழிக்கற இடத்தைப் பார்க்கணும்." குழந்தை அழுதா கூட அந்த ஒரு வரிக்கு அரை நிமிஷம் போதும். ரெண்டு நாள் கழிச்சு திறந்தாலும் நேரா அந்த இடத்துல உக்காந்துடலாம். அக்காகிட்டயும் உங்க நிலைமையை வெளிப்படையா சொல்லி, ஒரு மணி நேர சந்திப்புக்கு பதிலா வாரத்துல ரெண்டு இருபது நிமிஷம் கிடைக்குமான்னு கேளுங்க. ஒரு வாரம் எதுவுமே நடக்கலன்னா "இந்த வாரம் முடியல"ன்னு தேதி போட்டு ஒரு வரி எழுதுங்க, அந்தப் பக்கத்தை வெறுமையா விடாதீங்க. வெறும் பக்கத்தைப் பார்த்துத்தான் நிறைய பேர் "சரி விட்டாச்சு"ன்னு நிறுத்திடறாங்க.

கேள்வி: என் சீனியர் நான் எழுதறதைத் திருத்தித் தர்றாங்க, உடனே சரி பண்ணிடறேன். ஆனா அதே தப்பு மறுபடி மறுபடி வருது. இதோட, அடுத்த மாசம் அவங்க வேற ஊருக்குப் போறாங்க, பயமா இருக்கு.

பதில்: இது என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மூத்த ஆசிரியர் என் பிரதியை சிவப்பு மையில திருத்தித் தருவார். நான் அவர் சொன்னபடி மாத்தி அனுப்பிட்டு அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுவேன். நாலாவது மாசம் ஒரு நாள் அவர் பேனாவை கீழ வச்சுட்டு, "இதே வாக்கியத்தை நான் எத்தனை தடவை திருத்தறது"ன்னு மெதுவா கேட்டார். அன்னைக்கு சாயங்காலம் ஒரு நீள நோட்டு எடுத்து மூணு கோடு போட்டேன். நான் எழுதினது, அவர் மாத்தினது, ஏன். முதல் ரெண்டு கட்டமும் சரசரன்னு நிறைஞ்சுது. மூணாவது கட்டம் பக்கம் பக்கமா காலி. அப்பதான் உறைச்சுது, இத்தனை மாசமா அவர் கையைத்தான் பார்த்திருக்கேன், அவர் யோசனையைப் பார்க்கவே இல்ல. மறுநாளிலேர்ந்து அந்தக் காலிக் கட்டங்களை எடுத்துக்கிட்டுப் போய் கேக்க ஆரம்பிச்சேன், அவர் முகமே மாறிப்போச்சு, அதுவரைக்கும் அவர் என்கிட்ட அவ்வளவு பேசினதே இல்ல.

ராமானுஜன் சிலேட்டுல கணக்குப் போட்டு முழங்கையால அழிச்சு அழிச்சு, முடிவை மட்டும் நோட்டுல எழுதினார்னு படிச்சிருப்பீங்க. அந்த நோட்டுகள்ல மூவாயிரத்துக்கு மேல முடிவுகள் இருக்கு, பெரும்பாலும் வழி இல்லாம. அவர் 1920ல போயிட்டார். அதையெல்லாம் ஒவ்வொண்ணா நிரூபிச்சு அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் அஞ்சு தொகுதியா கொண்டு வந்தது 1985லேர்ந்து 1998 வரைக்கும், அவருக்கு முன்னாடியும் பல கணித அறிஞர்கள் அதுல உழைச்சிருக்காங்க. ராமானுஜனுக்கு வழி மனசுலயே இருந்துச்சு. நமக்கு அப்படி இல்ல, சீனியர் போனதும் முடிவு மட்டும் நம்ம கையில மிஞ்சும்.

அதனால இருக்கற இந்த ஒரு மாசத்துல புதுசா எதுவும் கத்துக்க அவசரப்படாதீங்க. இதுவரைக்கும் அவங்க திருத்தின பிரதிகள் எத்தனை கையில இருக்கோ அதையெல்லாம் எடுத்து அந்த மூணு கட்டத்துல போடுங்க. ஒரே காரணம் திரும்பத் திரும்ப வர்றதை ஒண்ணா சேருங்க, எனக்கு அப்படி சேர்த்தப்ப ஏழே ஏழு காரணம்தான் வந்துச்சு, உங்களுக்கும் கையடக்கமாத்தான் இருக்கும். அந்தப் பட்டியலை எடுத்துக்கிட்டு அவங்களோட ஒரு மணி நேரம் கேளுங்க, காலியா இருக்கற "ஏன்" கட்டங்களை அவங்க வாயாலயே நிரப்ப வைங்க, நீங்க தப்பா எழுதியிருக்கறதை அவங்களே அடிக்கட்டும். அவங்க கிளம்பின பிறகு அடுத்த பிரதியை எழுதி முடிச்சதும், அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியலை பக்கத்துல வச்சு சிவப்பு மையில நீங்களே ஒரு தடவை திருத்துங்க.